அட்வென்ட், அரைவல்: இரண்டுமே 'வருகை'தானா?

கேள்வியை முதலில் சொல்லிவிடுகிறேன். 'அட்வென்ட்' என்ற ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு அகராதியில் 'வருகை' என்று பொருள் இருக்கிறது. 'அரைவல்' என்ற சொல்லுக்கும் 'வருகை' என்றே இருக்கிறது. அப்படியானால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை எழுதலாமா? விருந்தினர் வந்ததையும் பஸ் வந்ததையும் அட்வென்ட் என்று எழுதினால் என்ன தவறு?

தவறுதான். வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஒன்றும் இருக்காது. ஆனால் ஆங்கிலம் அறிந்தவர் அதைப் படித்ததும் ஒரு கணம் நின்றுவிடுவார். தமிழிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். 'வந்தார்' என்கிறோம், 'எழுந்தருளினார்' என்றும் சொல்கிறோம். இரண்டுமே வருவதைக் குறிக்கும் சொற்கள். சுவாமி தேரில் எழுந்தருளினார் என்று எழுதுகிற கை, பக்கத்து வீட்டுக்காரர் எழுந்தருளினார் என்று எழுதாது. எழுதினால், கேலி செய்கிறோம் என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். 'மாமாவின் அட்வென்ட்' என்று எழுதுவதும் அப்படித்தான் ஒலிக்கும். அகராதி பொருளைத் தருகிறது. அந்தச் சொல்லின் கனத்தை ஒற்றைச் சொல்லில் அதனால் தர முடிவதில்லை.

இந்தக் கனம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் பயன்பாடு தானாகவே பிடிபடும். லத்தீனில் 'வெனிரே' என்றால் வருதல். 'அட்' என்பது 'நோக்கி' என்ற பொருள் தரும் முன்னொட்டு. இரண்டும் சேர்ந்த 'அட்வென்டுஸ்' என்பதற்கு நோக்கி வருதல், வந்து சேர்தல் என்று பொருள். பழைய ரோமில் இந்தச் சொல்லுக்குத் தனியாக ஒரு பெருமை இருந்தது. பேரரசர் ஒரு நகரத்துக்குள் சடங்குகளோடு நுழைவதற்குப் பெயரே அட்வென்டுஸ்தான். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஆட்சி செய்த ஹேட்ரியன் தம் மாகாணங்களைச் சுற்றிப் பார்த்தவர். அந்தப் பயணங்களின் நினைவாக வெளியான நாணயங்களில் இந்தச் சொல்லையே பொறித்து, கூடவே மாகாணத்தின் பெயரையும் பொறித்தார்கள். நம் சோழர் கல்வெட்டுகளில் அரசனைப் பற்றிச் சொல்லும்போது 'எழுந்தருளி' என்ற சொல் வருவதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரு மொழிகளிலும் ஒரே வழக்கம். ஆள்பவன் வருவதற்கும் மற்றவர்கள் வருவதற்கும் ஒரே சொல் போதாது என்று நினைத்திருக்கிறார்கள்.

பிறகு கிறிஸ்தவர்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். கிறிஸ்துவின் வருகையைக் குறிக்க, கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் 'பரூசியா' என்ற சொல் வருகிறது. லத்தீன் பைபிளில் அதை அட்வென்டுஸ் என்று பெயர்த்தார்கள். ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் போனதும் சமயத்தின் வழியாகத்தான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆயத்தக் காலத்தின் பெயராகப் பல நூற்றாண்டுகள் அது புழங்கியது. பொதுவாக 'ஒரு பெரிய விஷயம் வந்து சேர்தல்' என்ற பொருள் ஆங்கிலத்தில் 18ஆம் நூற்றாண்டில்தான் வேரூன்றியது. ஆக, அரசனிடமிருந்து ஆண்டவனுக்கும், ஆண்டவனிடமிருந்து அச்சு இயந்திரம், ரயில், இணையம் போன்றவற்றுக்கும் போன சொல் இது. வழி நெடுகப் பெரியவற்றோடே பழகியதால், சிறியவற்றின் பக்கத்தில் அது இன்றும் பொருந்துவதில்லை.

சமயப் பொருளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கே குழப்பம் குறைவு. அந்தப் பொருளில் எழுதும்போது முதல் எழுத்து பெரிய எழுத்தாக இருக்க வேண்டும், முன்னால் 'தி' வராது. 'டியூரிங் அட்வென்ட்' என்பதே முறை. மேற்கத்தியத் திருச்சபைகளில் இந்தக் காலம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிற்றுக்கிழமைகளை உள்ளடக்கியது. நவம்பர் 30ஆம் தேதிக்கு மிக அருகில் உள்ள ஞாயிறு அதன் தொடக்கம். அதனால் நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் ஏதேனும் ஒரு நாளில் அது தொடங்கும். தமிழ்க் கத்தோலிக்கர் இதைத் 'திருவருகைக் காலம்' என்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த மொழிபெயர்ப்பு இது. 'வருகை' என்ற சொல் மட்டும் போதாது என்று உணர்ந்து 'திரு'வைச் சேர்த்தவர், அட்வென்ட்டின் கனத்தைச் சரியாக எடை போட்டிருக்கிறார். கிறிஸ்துவின் இரண்டாம் வருகை 'செகண்ட் அட்வென்ட்'. அதை எதிர்நோக்கி இருப்பவர்கள் என்பதால் 'அட்வென்டிஸ்ட்' என்ற பெயரும் வந்தது. 1863இல் அமெரிக்காவில் முறைப்படி அமைந்த ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் திருச்சபையின் பெயர் அப்படி வந்ததுதான்.

இனி, பொதுப் பயன்பாடு. நாளிதழ்களிலும் பாடநூல்களிலும் நாம் சந்திப்பது பெரும்பாலும் இதைத்தான்.

அட்வென்ட் தனியாக நடமாடும் சொல் அல்ல. ஏறக்குறைய எப்போதும் 'தி அட்வென்ட் ஆஃப்' என்றே வரும். முன்னால் 'தி', பின்னால் 'ஆஃப்', அதற்குப் பின்னால் வந்து சேர்ந்த பொருள். இந்தத் தொடருக்கு முன்னால் 'வித்', 'பிஃபோர்', 'சின்ஸ்' ஆகிய மூன்றில் ஒன்று நிற்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். 'வித் தி அட்வென்ட் ஆஃப் தி ரயில்வேஸ்' என்றால் ரயில் வந்ததும், ரயில் வந்ததன் விளைவாக. 'பிஃபோர் தி அட்வென்ட் ஆஃப் பிரின்டிங்' என்றால் அச்சு வருவதற்கு முன். கவனித்தால் ஒன்று தெரியும். இந்த வாக்கியங்கள் எல்லாம் காலத்தை இரண்டாக வெட்டுகின்றன. வருவதற்கு முன் ஒரு வாழ்க்கை, வந்த பின் வேறொரு வாழ்க்கை. எந்தப் பொருளின் வருகை காலத்தை அப்படி வெட்டுமோ, அதற்கே அட்வென்ட் பொருந்தும்.

வரலாற்றுப் பாடநூலில் 'ஐரோப்பியர்களின் வருகை' என்று ஒரு பாடம் படித்திருப்போம். ஆங்கில வழி நூல்களில் அதன் தலைப்பு 'அட்வென்ட் ஆஃப் தி யூரோப்பியன்ஸ்'. 1498 மே மாதத்தில் வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் கோழிக்கோட்டுக் கரையை அடைந்தன. அந்தச் சம்பவத்தை மட்டும் சொல்ல வேண்டுமானால் 'அரைவல்' என்று எழுத வேண்டும். ஒரு மாலுமி, ஒரு துறை, ஒரு நாள். அதன்பின் போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர், டேனியர், பிரெஞ்சுக்காரர் என்று வரிசையாக வந்து, கிடங்கு கட்டி, கோட்டை கட்டி, நாட்டின் போக்கையே திருப்பினார்களே, அந்த நீண்ட நிகழ்வு முழுவதும் 'அட்வென்ட்'. தமிழில் இரண்டுக்கும் 'வருகை' என்றே எழுதிவிடுகிறோம். மாணவர்கள் இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழம்புவது இதனால்தான்.

இதிலிருந்து எளிய சோதனை ஒன்று கிடைக்கிறது. நான் சொல்லிக்கொடுக்கும்போது எப்போதும் இதைத்தான் முதலில் சொல்வேன். சொல்லுக்குப் பக்கத்தில் கடிகார நேரத்தை எழுதிப் பாருங்கள். 'மாலை 5.40க்கு' என்று சேர்க்க முடிகிறதா? முடிந்தால் அரைவல். முடியாவிட்டால் அட்வென்ட்டாக இருக்கலாம். ரயிலுக்கும் விமானத்துக்கும் அமைச்சருக்கும் வந்த நேரம் சொல்லலாம். இணையத்துக்குச் சொல்ல முடியாது. இணையம் எப்போது வந்தது? 1969இல் இணையத்தின் முன்னோடி வலைப்பின்னலான அர்பாநெட்டில் முதல் செய்தி அனுப்பப்பட்டபோதா? 1983 ஜனவரி 1 அன்று அந்த வலைப்பின்னல் இன்றைய இணையத்தின் அடிப்படை நெறிமுறைக்கு மாறியபோதா? 1989இல் டிம் பெர்னர்ஸ்-லீ வைய விரிவு வலைக்கான யோசனையை எழுதிக் கொடுத்தபோதா? 1993இல் அந்தத் தொழில்நுட்பத்தை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தபோதா? எந்த ஆண்டைச் சொன்னாலும் யாராவது மறுப்பார்கள். ஆனால் 'சின்ஸ் தி அட்வென்ட் ஆஃப் தி இன்டர்நெட்' என்று எழுதினால் யாரும் மறுக்க மாட்டார்கள். தேதியைக் கேட்காத சொல் என்பதால்தான் எழுதுபவர்கள் அதை நாடுகிறார்கள்.

இதோடு ஒட்டிய இன்னொரு நுட்பமும் உண்டு. கண்டுபிடிப்பு வேறு, அட்வென்ட் வேறு. அலெக்சாண்டர் பிளெமிங் பெனிசிலினைக் கண்டது 1928இல். அது நோயாளிகளுக்குத் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியது 1940களில். 'தி அட்வென்ட் ஆஃப் ஆன்டிபயாடிக்ஸ்' என்று மருத்துவ வரலாற்றில் படித்தால், மனத்தில் வர வேண்டியது அந்தப் பிந்தைய காலம். ஆய்வகத்தில் பிறந்தது கண்டுபிடிப்பு, மக்களின் வாழ்க்கைக்குள் நுழைந்தது அட்வென்ட். இவ்வளவு வேறுபாட்டைச் சுமக்கும் இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் வேர் ஒன்றே என்பது சுவையான செய்தி. கண்டுபிடிப்பைக் குறிக்கும் 'இன்வென்ஷன்' கூட 'வெனிரே'யிலிருந்து வந்ததுதான். ஒன்றின் மேல் வந்து படுதல், தேடிக் காணுதல் என்பது அதன் பழைய பொருள்.

நல்லவற்றுக்கு மட்டும்தான் அட்வென்ட் வருமா என்று சிலர் கேட்பார்கள். இல்லை. அணு ஆயுதங்களின் வருகையையும் அட்வென்ட் என்றே எழுதுகிறார்கள். நன்மை தீமை பார்க்காத சொல் அது, பெரியதா என்று மட்டுமே பார்க்கும். நோய், வலி, கடுங்குளிர் போன்றவை தொடங்குவதைச் சொல்ல 'ஆன்செட்' என்று வேறொரு சொல் இருக்கிறது. வானிலை அறிக்கைகளில் பருவமழையின் தொடக்கத்துக்கும் அதையே பார்க்கலாம். வசந்தம் வருவதை அட்வென்ட் என்றும் காய்ச்சல் வருவதை ஆன்செட் என்றும் எழுதுவது நல்ல ஆங்கிலம்.

செய்யக்கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். அட்வென்ட்டுக்கு வினை வடிவம் கிடையாது. 'அட்வென்டட்' என்று யாரும் எழுதுவதில்லை. பொதுப் பொருளில் பன்மையும் வழக்கில் இல்லை என்றே கொள்ளலாம். தனி ஒரு பொருளுக்கும் அது பொருந்தாது. 'தி அட்வென்ட் ஆஃப் தி ஸ்மார்ட்போன்' சரி, ஏனென்றால் அங்கே ஸ்மார்ட்போன் என்பது அந்த வகை முழுவதையும் குறிக்கிறது. 'தி அட்வென்ட் ஆஃப் மை ஸ்மார்ட்போன்' என்றால் அஞ்சலில் வந்த உங்கள் ஒரு கருவிக்குப் பேரரசரின் சொல்லைக் கொடுக்கிறீர்கள்.

இப்போது அரைவல். இந்தச் சொல்லின் பிறப்பைத் தமிழர் கேட்டால் உடனே புரிந்துகொள்வார்கள். லத்தீனில் 'ரீபா' என்றால் கரை. கரையை அடைவது என்ற பொருளில் பேச்சு லத்தீனில் ஒரு வினை உருவாகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது 'அரைவ்'. ஆங்கிலத்திலும் அதன் முதல் பொருள் கப்பலிலிருந்து கரை இறங்குவதுதான். தமிழில் 'கரை சேர்ந்தான்' என்று சொல்கிறோமே, எழுத்துக்கு எழுத்து அதே படம். (அரைவல் என்பதற்குள் 'ரைவல்' ஒளிந்திருப்பதைக் கண்டு இரண்டையும் உறவு என்று எண்ண வேண்டாம். ரைவல் வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து, ஓடையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஒரே ஓடைத் தண்ணீரைப் பங்கிட்டவர்கள்தான் முதலில் ரைவல்.)

கரை சேர்தல் என்ற படத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் அரைவலின் பொருள் தெளிவாகிவிடும். பயணத்தின் கடைசிப் புள்ளி அது. வழியில் இருப்பதை அது சொல்லாது. 'வருகை' என்ற தமிழ்ச் சொல் இவ்வளவு கறாரானது அல்ல. வந்துகொண்டிருப்பதும் வருகை, வந்து சேர்ந்ததும் வருகை, வந்து தங்கிப் பார்த்துவிட்டுப் போவதும் வருகை, வகுப்பில் இருப்பதும் வருகை. வருகைப் பதிவேட்டை ஆங்கிலத்தில் 'அரைவல் ரிஜிஸ்டர்' என்று ஒருவர் பெயர்த்திருந்ததை நான் திருத்தியிருக்கிறேன். அது 'அட்டெண்டன்ஸ்'. தலைவர் ஒருவர் இரண்டு நாள் வந்து போவது 'விசிட்'. விமானத்திலிருந்து அவர் இறங்கிய கணம் மட்டும் அரைவல்.

உருபு விஷயத்தில் தமிழர்கள் அடிக்கடி வழுக்குகிறார்கள். 'ஊருக்கு வந்தேன்' என்று நான்காம் வேற்றுமையில் சொல்லிப் பழகிய நாக்கு, ஆங்கிலத்திலும் 'அரைவ்ட் டு' என்று சொல்லிவிடுகிறது. அரைவ், அரைவல் இரண்டும் 'டு'வை ஏற்பதில்லை. நாடு, நகரம் என்றால் 'இன்', நிலையம், அலுவலகம், வீடு போன்ற குறிப்பிட்ட இடம் என்றால் 'அட்'. தமிழின் ஏழாம் வேற்றுமையை நினைத்துக்கொண்டால் சரியாக வரும். போய்ச் சேர்ந்துவிட்டேன் என்பதற்கு 'ஐ ரீச்ட்' என்று முடித்துவிடுவதும் பரவலான பழக்கம். ரீச் என்ற வினைக்குச் செயப்படுபொருள் வேண்டும், எதை அடைந்தீர்கள் என்று சொல்ல வேண்டும். இடத்தின் பெயர் இல்லாமல் சொல்ல விரும்பினால் அரைவ் போதும். 'ஆன் அரைவல்' என்ற தொடரில் 'தி' கிடையாது. வந்திறங்கிய இடத்திலேயே தரும் விசாவை 'விசா ஆன் அரைவல்' என்பது அப்படித்தான்.

அட்வென்ட் செய்யாத ஒரு வேலையை அரைவல் செய்கிறது. வந்த செயலை மட்டுமின்றி, வந்த ஆளையோ பொருளையோகூட அது குறிக்கும். 'நியூ அரைவல்' என்றால் புதிதாகப் பிறந்த குழந்தையாக இருக்கலாம், நூலகத்துக்கு வந்த புதிய புத்தகமாக இருக்கலாம், வேலையில் சேர்ந்த புதியவராகவும் இருக்கலாம். தமிழில் இதற்கு அச்சாகப் பொருந்தும் சொல் 'புதுவரவு'. 'வருகை' இங்கே உதவாது, 'வரவு'தான் வேண்டும். சந்தைக்கு வரும் விளைபொருளின் அளவைச் சொல்லும் பன்மை 'அரைவல்ஸ்' என்றால் நாம் 'வரத்து' என்கிறோம். ஆங்கிலத்தின் ஒரு சொல்லுக்குத் தமிழ் மூன்றைக் கொடுக்கிறது: ஆள் வந்தால் வருகை, புதிதாகச் சேர்ந்தால் வரவு, மொத்தமாகக் குவிந்தால் வரத்து. மூன்றும் 'வா' என்ற ஒரே வேரில் கிளைத்தவை.

வேர் என்றதும் சொல்லத் தோன்றுகிறது. லத்தீன் 'வெனிரே'யின் பிள்ளைகள் ஆங்கிலம் முழுவதும் இருக்கிறார்கள். 'அட்வென்ச்சர்' முதலில் 'வரப்போவது', அதாவது நேரக்கூடியது என்ற பொருளில் இருந்து, பின்னர் துணிந்து இறங்கும் செயலாயிற்று. 'இன்டர்வீன்' இடையே வருதல். 'கன்வென்ஷன்' கூடி வருதல். 'சூவனீர்' நினைவுக்கு வருவது. தாவரவியலில் 'அட்வென்டிஷியஸ்' என்ற அடைமொழி, வழக்கமான இடத்தில் இல்லாமல் தண்டிலிருந்தோ கிளையிலிருந்தோ வரும் வேருக்கு உரியது. தமிழ்ப் பாடநூல்கள் அதை வேற்றிட வேர் என்கின்றன. ஆலமரத்தின் விழுது அதற்கு நல்ல உதாரணம். இவற்றில் என்னை மிகவும் மகிழ்விப்பது 'ரெவின்யூ'. திரும்பி வருவது என்பதே அதன் பிறப்புப் பொருள். நாம் அதை 'வருவாய்' என்கிறோம். இரு மொழிகளும் ஒன்றையொன்று பாராமலே, கைக்கு வரும் பணத்துக்கு 'வா'விலிருந்தே பெயர் வைத்திருக்கின்றன.

உச்சரிப்பிலும் ஒரு சொல். 'அட்வென்ட்' என்று தமிழில் எழுதும்போது இரண்டு 'ட்'டும் ஒன்றுபோல் தெரிகின்றன. முதலாவது 'மடி'யில் வரும் டகரத்தைப் போல மென்மையாகவும், கடைசி 'பட்டு'வில் வருவதைப் போல வன்மையாகவும் ஒலிக்க வேண்டும். அழுத்தம் முதல் அசையில். அரைவலில் அழுத்தம் நடு அசையான 'ரை'யில்.

கடைசியாக, தமிழாக்கம். 'வித் தி அட்வென்ட் ஆஃப் டெலிவிஷன்' என்பதைத் 'தொலைக்காட்சியின் வருகையுடன்' என்று எழுதுவது இன்று பரவிவிட்டது. எனக்கு அது உறுத்துகிறது. ஆங்கிலம் பெயர்ச்சொல்லில் அடைப்பதைத் தமிழ் வினையில் திறந்து வைக்கும். 'தொலைக்காட்சி வந்த பிறகு' என்றால் நான்கு வயதுக் குழந்தைக்கும் புரியும், பொருளும் ஒரு துளி குறையாது. 'பிஃபோர் தி அட்வென்ட் ஆஃப் எலெக்ட்ரிசிட்டி' என்பது 'மின்சாரம் வருவதற்கு முன்'. தலைப்பாக வைக்கும்போது மட்டும் பெயர்ச்சொல் தேவைப்படும். அங்கே 'வருகை' நன்றாகவே இருக்கும், இடத்தைப் பார்த்துத் 'தோற்றம்' அல்லது 'தொடக்கம்' என்றும் போடலாம்.

கேட்டவரின் இரண்டு உதாரணங்களுக்கு வருகிறேன். விருந்தினர் வந்ததற்கு 'தி அரைவல் ஆஃப் தி கெஸ்ட்ஸ்' என்று எழுதுங்கள். பஸ் தாமதமாக வந்ததற்கு 'தி லேட் அரைவல் ஆஃப் தி பஸ்'. அந்த ஊருக்கு முதன்முதலாக பஸ் போக்குவரத்தே வந்து, அதனால் மக்களின் பிழைப்பே மாறியதைப் பற்றி எழுதுகிறீர்கள் என்றால், 'தி அட்வென்ட் ஆஃப் தி பஸ்' என்று தயங்காமல் எழுதலாம்.